லெனினின் கையும் பள்ளி மைக்கும்

பாலமுனையில் மின்னணு இசைக் கச்சேரி நடந்ததே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கிறது. கதீப் மிம்பரில் ஏறிச் சலாம் சொல்ல வாயைத் திறப்பார். மைக் அவரை முந்திக்கொண்டு ‘ஊஊ... ஈஈஈ’ என்று ஓர் ஆலாபனை எடுக்கும். மோதினார் அம்ப்ளிபயரை நோக்கி ஓடுவார். முன்வரிசைப் பெரியவர்கள் கண்ணை மூடிச் சபூர் செய்வார்கள். பின்வரிசைப் பொடியன்கள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவார்கள். குமிழ் ஒன்றைத் திருகியதும் ஊளை உறுமலாகி, உறுமல் முனகலாகி அடங்கும். எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டாம். மைக் வாங்கிய எல்லாப் பள்ளியும், எல்லாக் கோயிலும், எல்லாப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவும் இந்தப் பாவத்தில் பங்காளிகள்தான்.

இதே ஊளையை அமெரிக்காவில் ஒரு மனிதர் வேண்டுமென்றே எழுப்பினார். அவர் பெயர் டேவிட் டியூடர். மேசை நிறையத் தன் கையாலேயே ஈயம் ஒட்டிச் செய்த பெட்டிகளைப் பரப்பி, ஒன்றின் வாயை இன்னொன்றின் காதில் வயரால் மாட்டி, வெளியிலிருந்து எந்தச் சத்தமும் கொடுக்காமல் ஊளையை மட்டுமே ஊளைக்கு ஊட்டி வளர்த்துக் கச்சேரி செய்தார். சனம் டிக்கெட் எடுத்து வந்து கேட்டது. நம் மோதினாருக்கு இந்தச் செய்தியை யாரும் எத்தி வைக்கவில்லை. அவர் இன்னும் நிறுத்தத்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

மின்சாரத்தில் பாட்டுப் போட முயன்றவர்களின் சரித்திரத்தைப் புரட்டினால், அது முழுக்க முழுக்கப் பழுதுகளின் சரித்திரம். ஒரு மெசினில் கோளாறு வரும். கெட்டிக்காரன் திருத்துவான், கூலி வாங்குவான், வீட்டுக்குப் போவான். திருத்த மனம் வராத ஒருத்தன் அந்தக் கோளாறைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காருவான். பிற்காலத்தில் அவனுக்குச் சிலை வைப்பார்கள்.

ஆரம்பமே அமர்க்களம். தாடியஸ் காஹில் என்ற அமெரிக்கர் 1897இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை எடுத்தார். பெயர் டெல்ஹார்மோனியம். அதன் பெரிய வடிவத்தின் எடை ஏறத்தாழ 200 தொன். ஆர்மோனியத்தை மடியில் வைத்து வாசிக்கும் நமக்கு இது கொஞ்சம் அதிகமாகத்தான் படும். ரயில் பெட்டிகளில் ஏற்றி 1906இல் நியூயோர்க்குக்குக் கொண்டுவந்து, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் மின்பிறப்பாக்கிகளைச் சுழலவிட்டு, பாட்டைத் தொலைபேசிக் கம்பி வழியே சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரத்துக்கு வரம்பு தெரியுமா? பக்கத்துக் கம்பிகளுக்குள்ளும் கசிந்தது. மனைவியோடு குடும்ப விசயம் பேசிக்கொண்டிருந்தவர்களின் காதுக்குள் கூப்பிடாத வித்துவான் புகுந்தார். முறைப்பாடுகள் குவிந்தன. கொம்பனி சில வருடங்களில் படுத்துவிட்டது. அந்த 200 தொன் வித்துவானின் குரலைப் பதிந்த ஒலித்தட்டு ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. கேட்டவர்கள் எல்லாம் மௌத்தாகிவிட்டார்கள்.

அடுத்த ஆள் லியோன் தெரமின். இவருடைய கதையை நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

புரட்சி முடிந்த கையோடு பெத்ரோகிராட் ஆய்வுகூடத்தில் வாயுக்களை அளக்க ஒரு கருவி செய்துகொண்டிருந்தார் இந்த இளம் பௌதிகவியலாளர். கையைக் கிட்டக் கொண்டுபோனால் அளவு மாறியது. அளவு மாறுவதைக் காதால் அறிய ஒரு ஒலியையும் பூட்டியிருந்தார். கை அசைந்தால் அந்த ஒலி ஏறி இறங்கியது. மனித உடம்பு மின்னைப் பிடித்து வைக்கும் ஒரு சாமான். பக்கத்தில் போனாலே சுற்றின் போக்கு மாறும். ஒரே வகையான இரண்டு சுற்றுகளை அதிரவிட்டு, ஒன்றை அப்படியே நிறுத்தி, மற்றதைக் கையின் நிழல்படும்படி வைத்தால், இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் மட்டும் நம் காதுக்கு எட்டும் ஊளையாக வெளியே வரும். நல்ல விஞ்ஞானி என்றால் இந்தக் கோளாறை ஒழித்துக்கட்டியிருப்பார். தெரமின் சின்ன வயதில் செலோ படித்தவர். கோளாறிலேயே ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தார்.

யுத்த காலத்தில் இருட்டில் குந்தி சிற்றலை றேடியோவில் பீபீசி தமிழோசையையும் வெரித்தாஸையும் தேடிய எவருக்கும் இந்த ஊளையைப் பழக்கப்படுத்தத் தேவையில்லை. இரண்டு நிலையங்கள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு விசில் எழும்பும். ஏரியலைத் தொட்டால் குரல் தெளியும், கையை விட்டால் மறையும். ‘மனே, அப்பிடியே புடிச்சிக்கிட்டு நில்லு’ என்று வாப்பா சொல்ல, செய்தி முடியும்வரை ஏரியலாக நின்ற பிள்ளைகள் இந்தக் கரையில் எத்தனை பேர்! அவர்களுக்கு யாரும் கைதட்டவில்லை. கை நடுங்கினால் ஏச்சு மட்டும் கிடைத்தது.

தெரமினுக்குக் கைதட்டியவரோ லெனின். 1922 மார்ச்சில் கிரெம்ளினுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை, தானும் வாசிக்க வேண்டும் என்றார். தெரமின் பின்னால் நின்று அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து அசைத்துப் பழக்கினார். உலகத் தொழிலாளர்களுக்கே வழிகாட்டியவரின் கையைப் பிடித்து, காற்றில் இப்படி அசையுங்கள் தோழர் என்று வழிகாட்டியவர் அநேகமாக அவர் ஒருவர்தான். கொஞ்ச நேரத்தில் லெனின் தனியாகவே வாசித்தாராம். மின்சாரம் வந்தால்தான் பொதுவுடைமை வரும் என்று நம்பியவருக்கு, கம்பியில்லாமல் பாடும் கரண்ட் பெட்டியைவிட நல்ல பிரசாரப் பீரங்கி எங்கே கிடைக்கும்? நாடு முழுக்கச் சுற்றிக் காட்டு என்று ஆளை அனுப்பிவிட்டார்.

1927இல் தெரமின் அமெரிக்கா போனார். சட்டைக்குள் சோவியத் உளவு வேலையும் இருந்தது. 1929இல் ஆர்சிஏ கொம்பனி அவருடைய கருவியைச் சந்தைக்கு விட்டது. விசிலடிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம் என்ற தோரணையில் விளம்பரம். வாங்கிப் பார்த்தவர்களுக்கு நெஞ்சு வெடித்தது. கட்டை இல்லை, தந்தி இல்லை, தொட்டுப் பிடிக்க ஒன்றுமே இல்லை. ஒரு மயிரிழை விலகினால் சுருதி அம்போ. அதே வருடம் பங்குச் சந்தையும் விழுந்தது. சுமார் 500 கருவிகளோடு கடை மூடியாயிற்று. கிளாரா ரொக்மோர் என்ற பெண்மணி மட்டும் அந்தப் பேயை அடக்கி வயலின் கணக்காகப் பாடவைத்தார். மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டுத்தான் ஹொலிவூட்காரர்கள் பேய்ப் படத்துக்கும் பறக்கும் தட்டுப் படத்துக்கும் அது நல்லது என்று முடிவு கட்டினார்கள் என்பது என் சொந்தக் கணிப்பு.

1938இல் ஆள் சோவியத் நாட்டுக்குத் திரும்பினார். ஸ்டாலினின் ஆட்கள் மாலை போடவில்லை, விலங்கு போட்டார்கள். கொலிமா முகாம், அதன்பிறகு கைதி விஞ்ஞானிகளை அடைத்துவைத்து வேலை வாங்கும் ஆய்வுகூடம். அங்கே இருந்தபடி அவர் செய்த இன்னொரு கருவிதான் என்னைத் தலையில் கைவைக்கச் செய்தது. 1945 ஓகஸ்டில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதருக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் அதை மொஸ்கோவிலுள்ள தன் வாசஸ்தலத்தில் மாட்டினார். உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி. அதில் பற்றரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து வானொலி அலையை அடித்தால் மட்டும் உயிர்பெற்று, அறையில் பேசுவதை அப்படியே திருப்பி அனுப்பும். கண்டுபிடிக்க 1952 ஆனது. ஏழு வருடம்! ஒன்று கை அசைந்தால் பாடியது, மற்றது ஆள் பேசினால் கோள் சொன்னது. இரண்டுக்கும் ஒரே மூளை. 1947இல் அவருக்கு ஸ்டாலின் பரிசும் கொடுத்தார்கள். அடைத்ததும் ஸ்டாலின் அரசு, பரிசளித்ததும் அதே அரசு. மனிதர் எல்லாரையும் தாண்டி 1993வரை வாழ்ந்தார், சோவியத் யூனியனுக்கும் சேர்த்து ஜனாஸாத் தொழுதுவிட்டுப் போகிறவர் மாதிரி.

நம் இலங்கையும் இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறை ஒன்றிலிருந்து கிராமபோன் பாட்டு ஒலிபரப்பானது. எட்வர்ட் ஹார்ப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளரின் வேலை அது. ஒலிபரப்பியைத் திணைக்களத்தாரே பொருத்திக் கட்டினார்கள். சாமான்? முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிக் கருவிகள். கப்பல்களைக் கவிழ்க்கக் கட்டளை வாங்கிய பெட்டி, கொழும்பில் வந்து பாட்டுப் போட்டது. பிறகு 1925 டிசம்பரில் முறைப்படி நிலையம் திறந்தார்கள். ஆசியாவின் மூத்த வானொலிகளில் ஒன்று என்று நாம் மார்தட்டும் நிறுவனத்தின் மூலதனம் பழைய இரும்பு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நல்ல கருவிகள் பலவும் அப்படித்தான் பிறந்தன.

அந்த வானொலி பிற்காலத்தில் ஹிந்திப் பாட்டைப் போட்டுப் போட்டு இந்தியாவையே மயக்கியது தெரியும். அந்தப் பாட்டுகளில் ஒரு கள்ளம் இருந்தது. 1954இல் வந்த ‘நாகின்’ படத்தின் மகுடி இசை கேட்டு ஆடாதவர் இல்லை. திரையரங்குக்குப் பாம்பு வந்த கதைகளும் உண்டு. ஆனால் ஒலிப்பதிவில் மகுடியே இல்லை. கல்யாண்ஜி என்ற இளைஞர் கிளாவியோலின் என்ற வால்வுக் கருவியை வாசித்தார். 1947இல் பிரான்சில் கொன்ஸ்டன்ட் மார்ட்டின் செய்தது அது. காற்றில் வரும் இசைக்கு மயங்கப் பாம்புக்கு வெளிக்காது கிடையாது. மகுடிக்கோ இங்கே வாயே கிடையாது. இரண்டு பக்கமும் பொய்யாக இருந்தும் காரியம் நடந்தது. ஹேமந்த் குமாரின் இசைக்கு இது குறை இல்லை, வால்வுக்குப் பெருமை.

இனி அகமதாபாத்துக்கு வருவோம். அதற்கு முன் ஒரு பொடியனைச் சந்திக்க வேண்டும். ரொபர்ட் மூக், நியூயோர்க்கில் பிறந்தவர், தகப்பன் பொறியியலாளர். பதின்ம வயதில் சஞ்சிகையில் வந்த படத்தைப் பார்த்து வீட்டிலேயே ஒரு தெரமின் செய்தார். மறுகா அதைச் செய்து விற்கத் தொடங்கினார். அந்தக் கைப்பழக்கம் வளர்ந்து 1964இல் மூக் சிந்தசைசர் ஆனது. அலமாரி அளவு பெட்டி, முகமெல்லாம் குமிழ், ஒன்றோடொன்று மாட்டும் வயர்கள். சூடேறினால் சுருதி விலகும் வியாதியும் கூடவே பிறந்தது.

இன்னொரு பக்கம் சாராபாய் குடும்பம். அகமதாபாத்தின் பெரிய மில்காரர்கள். கீதா சாராபாய் பாட்டும் பக்காவாஜும் பயின்றவர். 1946இல் நியூயோர்க் போய் ஜோன் கேஜ் என்ற இசைக்காரரைப் பிடித்தார். நீர் எனக்கு மேற்கத்திய இசை சொல்லித் தாரும், நான் உமக்கு இந்திய இசை சொல்லித் தருகிறேன், காசு வேண்டாம் என்று பண்டமாற்று. மனதை அடக்கி அமைதியாக்குவதே இசையின் வேலை என்பது கீதா கொடுத்த பாடம். கேஜ் கொஞ்சம் தீவிரமான மாணவர். 1952இல் அமைதியை மட்டும் வைத்துக்கொண்டு இசையை எடுத்துவிட்டார். நாலு நிமிடம் 33 விநாடி பியானோவில் எதுவுமே வாசிக்காத அந்தப் படைப்பை முதன்முதலில் மேடையேற்றியவர் யார்? நாம் தொடக்கத்தில் சந்தித்த டேவிட் டியூடர். விநாடிக் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, மூன்று பாகங்களுக்கும் பியானோ மூடியைச் சாத்தித் திறந்து, ஒழுங்காக ஒன்றுமே வாசிக்காமல் முடித்தார். சபையில் சிலருக்குக் கோபம் வந்தது. எனக்கு வியப்பு வேறு: இப்படிச் சும்மா இருந்து பேர் வாங்கிய மனிதர்தான் பிற்காலத்தில் அத்தனை ஊளையையும் கிளப்பினார். கடன் தீர்த்தார் என்று வைத்துக்கொள்வோம்.

1961இல் சாராபாய்கள் முன்னின்று அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கதிரை, எழுத்துரு, துணி என்று வடிவமைக்கப் படிப்பிக்கும் இடம். 1969இல் அங்கே ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. ஒலியகத்தை நிறுவ வந்தவர் டியூடர். அதே வருடம் ஓகஸ்ட் 15இல் கீதாவின் சகோதரர் விக்ரம் சாராபாய் இஸ்ரோவைத் தொடங்கினார். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை ரொக்கெட்டைப் பிடித்துக்கொள்ள, மற்றது மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த வருடம் செப்டம்பரில் அதே நகரத்தில் பெரிய இனக்கலவரம் நடந்து நூற்றுக்கணக்கானோர், பெரும்பாலும் முஸ்லிம்கள், கொல்லப்பட்டார்கள் என்பதையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதற்கு என்னிடம் பகிடி இல்லை.

ஒலியகத்தில் எஸ்.சி. சர்மா, ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா என்று ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. கீதாவும் இசை செய்தார். ஜோஷிபுரா கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த இளைஞர். அவர் செய்ததற்கு வைத்த பெயர் ‘ஸ்பேஸ் லைனர் 2001’. விண்வெளியும் 2001உம் சேர்ந்தால் நினைவுக்கு வருகிற ஆர்தர் சி. கிளார்க் அப்போது நம் இலங்கையில் குடியிருந்தார், நாமோ அவரைக் கடலுக்குள் சுழியோடுகிற வெள்ளைக்காரர் என்ற அளவில் அறிந்திருந்தோம். டியூடரும் சும்மா இருக்கவில்லை. ஒலிநாடாவையும் மூக்கையும் ஒன்றின் வாலை மற்றதன் வாயில் கொடுத்துத் தன் வழக்கமான ஊளையை அங்கேயும் பதிந்தார். சூட்டில் சுருதி விலகும் பெட்டியைக் கொண்டுபோய் வைத்த ஊரைப் பாருங்கள்: மே மாதத்தில் அகமதாபாத் வெயில் 40 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த மூக் அங்கே எந்த ஸ்வரத்தில் நின்றிருக்கும் என்று கேட்பதே தப்பு. நின்றிருக்குமா என்று கேட்க வேண்டும்.

சில வருடங்களில் ஒலியகம் ஓய்ந்தது. ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் காப்பகத்தில் தூங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து போல் பர்காஸ் என்ற பிரித்தானியக் கலைஞர் போய்த் தூசு தட்டியபோது 27 சுருள்கள் கிடைத்தன. 2023இல் அவற்றிலிருந்து தெரிந்தெடுத்து இசைத்தட்டாக வெளியிட்டார்கள். கேட்டுப் பாருங்கள். சில துண்டுகள் நன்றாகவே இருக்கின்றன. சில துண்டுகளில் ஆள் மெசினை வாசிக்கவில்லை, மெசின்தான் ஆளை வாசிக்கிறது. இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. வெளிநாட்டுச் சாமான் கைக்கு வந்த முதல் வாரத்தில் எல்லாக் குமிழையும் திருகிப் பார்க்கிற அந்தச் சந்தோசம் அதில் அப்படியே கேட்கிறது.

பெங்களூரில் இதற்கு நேரெதிராக ஒருவர் வேலை செய்தார். ஜி. ராஜ் நாராயண், புல்லாங்குழல் வாசிக்கிற பொறியியலாளர். 1979இல் மின்னணுத் தம்புராவைக் கொண்டுவந்தார். இந்தச் சரித்திரத்திலேயே ஒழுங்கான மனிதர் அவர்தான். பழுதே வரக்கூடாது, சுருதி அசையவே கூடாது, மணிக்கணக்கில் ஒரே சத்தம். பாடகருக்குப் பின்னால் முதுகு வலிக்கத் தம்புரா மீட்டிய சீடர்களுக்கு விடுதலை கிடைத்தது. கூடவே மேடையில் இருக்கும் பாக்கியமும் போயிற்று. சின்னப் பெட்டி ஒன்று ஒரு சீடப் பரம்பரையின் வேலையை எடுத்துக்கொண்டதற்கு எந்தத் தொழிற்சங்கமும் கொடி பிடிக்கவில்லை.

பழுதுக்காரர்கள் மேல்தான் எனக்குப் பட்சம். ரீட் கசாலா என்ற அமெரிக்கப் பையன் 1960களில் மூடி கழன்ற ஒரு சின்ன அம்ப்ளிபயரை மேசை லாச்சிக்குள் போட்டிருந்தான். உள்ளே கிடந்த உலோகம் எதிலோ பட்டு, லாச்சி தானாகப் பாடத் தொடங்கியது. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க விளையாட்டுச் சாமான்களைத் திறந்து வேண்டாத இடத்தில் வயர் வைப்பதே அவர் தொழில். ஒல்லாந்தில் மிஷெல் வைஸ்விஸ் என்பவர் 1970களில் செய்த பெட்டிக்குக் கட்டையும் இல்லை, குமிழும் இல்லை. வெறும் உலோகத் தகடுகள். விரலை வைத்தால் வாசிப்பவரின் தோலே சுற்றின் ஒரு துண்டாகிவிடும், பெட்டி கத்தும். வியர்வைக் கை என்றால் இன்னும் நன்றாகக் கத்தும். மேடைக்குப் போனால் கை வியர்க்கிறவர்களுக்கென்றே படைத்த கருவி.

டியூடரின் ‘ரெயின்ஃபொரஸ்ட்’ இன்னும் ஒரு படி மேலே. ஒலிபெருக்கியின் கூம்பைத் தூக்கி எறிந்துவிட்டு, அதிரும் பகுதியை மட்டும் தகரம், பீப்பாய், மரப்பலகை என்று கிடைத்ததில் பொருத்தித் தொங்கவிட்டார்கள். பொருளே ஒலிபெருக்கி. பீப்பாய்க்கு ஒரு குரல், தகரத்துக்கு ஒரு குரல். 1968இல் நடனத்துக்கென்று தொடங்கியது, 1973இல் ஒரு மண்டபம் நிறையச் சாமான் தொங்க, சனம் இடையில் நடந்து காதை வைத்துக் கேட்கும் நிகழ்ச்சியாக வளர்ந்தது. நூதனசாலைக்காரர்கள் இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்.

நம் ஆட்களும் குறைந்தவர்கள் இல்லை. யுத்த கால யாழ்ப்பாணத்தில், 1990களின் முற்பகுதியில் கரண்டும் இல்லை, பற்றரியும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவின் இரண்டு வயரை றேடியோவில் கொழுவிச் செய்தி கேட்டார்கள். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரும் களைப்பார். நம் பக்கத்தில் பற்றரி இறங்கிய கசெட்டில் நாகூர் ஹனீபாவின் கம்பீரக் குரல் இழுபட்டு இழுபட்டுக் கிணற்றுக்குள் போவதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். பற்றரியை எடுத்து வெயிலில் காயவைத்து, ஒரு பாட்டுக்கு மட்டும் உயிர் வாங்கியிருக்கிறோம். இவ்வளவையும் பெர்லினில் ஒரு மண்டபத்தில் வைத்துச் செய்திருந்தால் பட்டியலில் நம் பெயரும் ஏறியிருக்கும். முற்றத்தில் வைத்துச் செய்ததுதான் நாம் விட்ட பிழை.

நிக்கொலஸ் கொலின்ஸ் என்பவர் 2006இல் கையால் மின்னணு இசை செய்வது பற்றி ஒரு பாடநூலே எழுதினார். அதன் ஆரம்பப் பாடங்களில் ஒன்றை அக்கரைப்பற்றுப் பசாரில் பழைய றேடியோ ஒன்று வாங்கக் காசு உள்ள எவரும் செய்யலாம். பின்பக்கத் திருகாணியைக் கழற்றி, பச்சைப் பலகையை வெளியே எடுத்து, நிலையம் ஏதும் பிடிபடாத இடத்தில் முள்ளை விடுங்கள். விரலை நாக்கில் நனைத்து, ஈயம் வைத்த புள்ளிகள் மேல் இரண்டு மூன்று விரலை ஒன்றாகப் பரப்புங்கள். முதலில் ஒரு கீச்சு வரும், அதற்குப் பிறகு தவளை, அதற்கும் பிறகு உங்கள் அதிர்ஷ்டம். அழுத்தினால் ஒரு சத்தம், மெதுவாகத் தொட்டால் இன்னொரு சத்தம். உம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டால் கச்சேரி நல்லபடியாகப் போகிறது என்று அர்த்தம். பற்றரியில் ஓடுகிற றேடியோவாக மட்டும் பார்த்து வாங்குங்கள். சுவரில் கரண்டுக்குக் கொழுவுகிற றேடியோவைத் திறந்து நனைந்த விரலை வைத்தீர்களென்றால் அந்த ஒரே கச்சேரிதான், மறுகா ஜனாஸா.